இரண்டு விரல் ஆட்டம்

ஆரியசாலையில் மசாலா மொத்தக் கடை வைத்திருக்கும் முதலாளியிடம் ஒரு பழைய இங்கிலீஷ் கார் உண்டு. அந்தக் காலத்துப் பணக்கார வண்டி. நம்ம ஊர் மாதிரி குழி ரோடுகளுக்கென்றே ஸ்டீரிங்கை மாற்றிக் கப்பலேற்றியிருக்கிறார்கள். ஸ்டீரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியின் இரண்டு முனையிலும் ஸ்பிரிங். குழியில் இறங்கினால் அடியை ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும், கைக்கு வராது. ஆனால் ஸ்டீரிங் சும்மாவே இரண்டு விரல் அகலம் ஆடும்.

ஆட்டத்தைக் கண்டால் எங்கள் மெக்கானிக் தொழிலில் யாருக்கும் பொறுக்காது. எந்த மெக்கானிக்கோ அந்த ஸ்பிரிங்கை இறுக்கும் நட்டை முடிந்தமட்டும் முறுக்கிவிட்டிருந்தான். ஸ்பிரிங் இருந்தும் இல்லாத மாதிரி. முதலாளியின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா ஒருநாள் ஓட்டிப் பார்த்தபோது குழியில் ஸ்டீரிங் வெட்டித் திரும்பி, கட்டைவிரல் சுளுக்கிக்கொண்டது. வண்டியை விற்றே ஆகணும் என்றார். முதலாளி கெஞ்சியதில் கடைசியாக ஒரு வாய்ப்பு: நான் சரி செய்ய வேண்டும், வெள்ளிக்கிழமை கிழக்கேகோட்டைக் கோயிலிலிருந்து அக்காவே ஓட்டி வருவார், விரல் வலித்தால் வண்டி போச்சு.

நான் எட்டாவதோடு நின்றவன். பயப்பட மட்டும் யாரும் சொல்லித்தர வேண்டியிருந்ததில்லை. நட்டை அளவாகத் தளர்த்தி, அது கழலாமலிருக்க துளையில் சொருகிக் காலை மடக்கும் ஸ்பிளிட் பின் போட்டு, திரும்பத் திரும்ப அடியில் படுத்துப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும்போது முதலாளி ஓட்டினார், நான் பின்சீட்டில். குழிக்குக் குழி அவர் கை துள்ளியது. அக்கா கோயிலுக்குள் போனதும் கேட்டேன்.

"முதலாளி, நட்டைத் தொட்டீங்களா?"

"காலையில பின்னைக் கழட்டி, லேசா முறுக்கிட்டு, திரும்பப் போட்டேன் வே. நீரு மறந்து லூசா விட்டுட்டீரோன்னு நெனச்சேன்."

ஸ்பேனரோடு வண்டிக்கடியில் நுழைந்தேன். டார்ச் பிடிக்கிறேன் என்று அவரும் சரிகை வேட்டியோடு நுழைந்தார். கழற்றும்போது பின் ஒடிந்துவிட்டது.

"பின் இல்லாம எப்படி ஓட்டறது? நட்டு கழண்டா ஸ்டீரிங்கே போயிரும்."

"மெதுவாப் பேசும் வே."

மெட்டி போட்ட கால்கள் பக்கத்தில் வந்து நின்றன.

"அங்க என்ன செய்றீங்க?"

"காசு விழுந்துட்டு," என்றார் முதலாளி.

"ரெண்டு பேரு படுத்துத் தேடுத அளவுக்கு அது என்ன காசு?"

ஒரு கை கீழே நீண்டது. விரலிடுக்கில் கறுப்புக் கொண்டை ஊசி.

"இந்தக் காசு போதுமா பாருங்க தம்பி."

போதும் போலத்தான் இருந்தது. நட்டை மறுபடி அளவாகத் தளர்த்தி, ஊசியை அதன் துளையில் சொருகி, ஊசியின் இரண்டு காலையும் மடக்கிவிட்டேன். அக்கா ஸ்டீரிங்கைப் பிடித்தார்.

"மெதுவாப் போங்கக்கா. கட்டைவிரலை உள்ளே கோக்காதீங்க, வெளியவே இருக்கட்டும்."

"நீங்க மூச்சு விடுங்க தம்பி முதல்ல."

சாலை பஜார் குழிகள் ஒவ்வொன்றிலும் நான் அந்த ஊசியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பெரிய குழியொன்றில் வண்டி இறங்கி ஏறியது. முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். ஸ்டீரிங் லேசாகச் சிணுங்கியதோடு சரி.

கடை வாசலில் நிறுத்தி, அக்கா கட்டைவிரலை மடக்கி நீட்டிப் பார்த்தார். வேண்டுமென்றே நிதானமாகப் பார்த்தார்.

"வண்டி இருக்கட்டும். இவரு கையில ஸ்பேனர் மட்டும் கொடுக்காதீங்க, கேட்டீங்களா."

கடை ஆட்கள் சிரித்தார்கள், முதலாளியும் சேர்ந்துகொண்டார். நான் மறுபடி வண்டிக்கடியில் படுத்துக்கொண்டிருந்தேன், ஊசி இன்னும் இருக்கிறதா என்று பார்க்க.