பாதத்தில் தூசி

டீச்சரின் குதிகாலைத் தூக்கி ஈரத்துணியால் துடைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். துணியில் செங்கல் நிறத்தில் ஒரு பட்டை.

இடுப்பு முறிந்து எட்டு மாதமாக டீச்சர் படுக்கையில் இருக்கிறார். நாற்காலியில் உட்காரக்கூட இவள்தான் பிடித்து இறக்க வேண்டும். அந்தப் பாதத்துக்கு ஏது தூசி?

பதினோரு வருடமாக அவளுக்கு இதுதான் வேலை. ஊசி, மருந்து என்றால் நர்ஸ். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தலை வாருவது இவள். ஏழு வீடு பார்த்தாயிற்று. எதையும் துருவிப் பார்க்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. "போன பிறவியில நீ எலி" என்பான் கணவன். டீச்சர் வைத்த பெயர் போலீஸ்.

துணியோடு வீட்டைச் சுற்றினாள். கூடத்தில் தேய்த்தால் சாம்பல் நிறம். சமையலறையில் எண்ணெய்ப் பிசுக்கு. பால்கனியில்தான் துணி சிவந்தது. எதிரே ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தபோது டீச்சர் கண்ணை மூடியிருந்தார்.

"பூனை கண்ண மூடிக்கிட்டா ஆச்சா டீச்சர்? உங்க மக எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்புறாங்க, நான் ஒம்போதுக்கு வர்றேன். நடுவுல பால்கனிக்கு யாரு போறா?"

"காத்து."

"காத்துக்குக் குதிகால் இருக்கா?"

டீச்சர் ஒரு கண்ணைத் திறந்தார். "நோட்டுல எழுதிடாத போலீஸு. தனியா எழுந்தா முதியோர் இல்லம்னு சொல்லியிருக்கா. சொன்னாச் செய்வா. எங்கிட்டப் படிச்சவ."

சாப்பாடு, தூக்கம், சிறுநீர் எல்லாம் எழுதும் நோட்டு அது. மகள் மாலையில் வந்ததும் அதைத்தான் பிரிப்பாள். எழுதினால் டீச்சருக்கு இந்த வீடு இல்லை. எழுதாமல் விட்டு, நாளை விழுந்து வைத்தால்?

"அங்க அப்படி என்னதான் இருக்கு?"

"எதிர்ல ரெண்டாம் மாடி. ஜன்னலே வைக்காம ஒரு ரூம் கட்டுறான் மடையன். அது என்ன ரூம்னு தெரியணும்."

ஜன்னலே இல்லாமலா? நோட்டில் எழுத எடுத்த பேனாவை அவள் மூடினாள்.

"நாளைக்கு எட்டு மணிக்கே வர்றேன். இனி தனியாக் கால ஊன்னீங்க, நானே எழுதுவேன்."

மறுநாள் மகள் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டாள். டீச்சரின் இடுப்பில் பிடிமானத்துக்கு ஒரு துணிப்பட்டை கட்டி, பால்கனிக்குப் பிடித்து நடத்தினாள். பதினாலு அடி. நடுவில் ஒருமுறை நின்றார்கள். எதிர்க் கட்டடத்தில் இரண்டு பேர் அந்த அறைக்குள் தண்ணீர்த் தொட்டியைத் தூக்கி வைத்தார்கள். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். 'பிடித்து நடந்தார், பதினாலு அடி' என்று நோட்டில் எழுதினாள். மாலையில் மகள் அதைப் படித்தாள். "யாரக் கேட்டு நடக்க வெச்சீங்க?" என்றாள். டாக்டருக்குப் போன் செய்தாள். அவர் எடுக்கவில்லை. ஆறரை மணிக்கு, "நாளைக்கும் எட்டு மணிக்கு வர்றேன்" என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு இவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.