நான் பூட்டிய குரூப்

மாம்புரியில் நாங்கள் எட்டுப் பெண்கள் சேர்ந்து இறால் சம்பல் செய்து விற்கிறோம். எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் நாள் முழுக்க ஸலாமும் துஆவும் வந்து ஓடர்களை மறைத்ததால், எரிச்சலில் நான் மட்டும் எழுதும்படி மாற்றி வைத்தேன்.

போன மாதம், சாமான் வைக்கும் தகர அறைக்குள் நான் நிற்கும்போது காற்றில் கதவு அடித்து, வெளிக்கொண்டி விழுந்துவிட்டது. வெக்கையில் மூச்சு முட்டியது. தகரத்துக்குள் சிக்னல் குறைந்து போன் கோல் எடுபடவில்லை. "ஓடி வந்து சாமான் அறைக் கதவத் திறங்க" என்று குரூப்பில் போட்டேன். ஏழு பேரும் பார்த்தது தெரிந்தது. பதிலே இல்லை.

ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் எங்களில் ஒருத்தியான ரஹ்மா வந்து திறந்தாள்.

"பாத்தும் ஒருத்தரும் வாய் திறக்கல்லயே!" என்று கத்தினேன்.

"ஒவ்வொருத்தரும் மத்தவ போயிருப்பான்னு இருந்துட்டோம். யார் போறன்னு கேக்க, குரூப்ப நீங்கதானே பூட்டி வச்சீங்க, லாத்தா."

இப்போது குரூப் திறந்தே கிடக்கிறது. வரும் ஒவ்வொரு ஸலாமுக்கும் பதில் சொல்கிறேன்.