ஹரிஷ்குமாரின் கன்னம் வீங்கிய கதை

பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பின்பக்கத் தெருவில் மூன்றாவது மாடியில் குடியிருந்த ஹரிஷ்குமாருக்கு மென்பொருள் கம்பெனியில் வேலை. ஆனால் என்ன செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், பெண்ணை வீட்டிலேயே படிக்க வைக்கிறேன் என்றுதான் முதலில் சொல்வான். கேட்டவர் மரியாதைக்கு "அப்படியா, ஏன்?" என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டால் போதும், அவர் ஏற வேண்டிய பஸ் போய்விடும்.

பள்ளிக்கூட முறையை அவன் துறந்ததாகத்தான் ஊருக்குள் பேச்சு. நடந்தது கொஞ்சம் வேறு. மகள் தர்ஷினி முதல் வகுப்பில் இருந்தபோது, பாடத்திட்டத்தை எப்படி மாற்றலாம் என்று தலைமை ஆசிரியைக்கு வாரம் தவறாமல் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றும் ஒரு கட்டுரை நீளம். வருடக் கடைசியில் அந்த அம்மாள் அவனைக் கூப்பிட்டு, பிள்ளை தங்கமான பிள்ளை, ஆனால் உங்களுக்கு ஏற்ற பள்ளி இது இல்லையோ என்று தோன்றுகிறது என்று பதமாகச் சொன்னார். மறுநாளே ஹரிஷ்குமார் கல்வி அமைப்பிலிருந்து வெளியேறினான்.

கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்த்ததால் வாத்தியார் உத்தியோகமும் அவனுக்கே வந்தது. பாடப்புத்தகம் கிடையாது, அட்டவணை கிடையாது, வாழ்க்கையே வகுப்பறை. தோசையைப் பிய்த்தால் அது பின்னம். மெட்ரோவில் உட்கார்ந்தால் வேகமும் தூரமும். மழை பெய்தால் தர்ஷினி ஜன்னலுக்கு ஓடுவதற்குள் நீர்ச்சுழற்சி வந்து நிற்கும். காலையில் கண் விழித்ததும் என்ன கனவு கண்டாய், அதை நாலு வரியில் சொல் என்பான். குழந்தை கனவே வரவில்லை என்று சொல்லப் பழகிக்கொண்டாள்.

அவன் மனைவி மைதிலி கோலார் தங்கவயல் குடும்பத்துப் பெண். பீன்யாவில் ஸ்பிரிங் செய்யும் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருந்தாள். காலையில் மெஜஸ்டிக்கில் மெட்ரோ மாறிப் போனால் இருட்டுகிற நேரத்துக்குத்தான் வருவாள். வந்ததும் அன்றைக்குப் பெண் என்னென்ன கண்டடைந்தாள் என்று ஹரிஷ்குமார் விவரிப்பான். மைதிலி கேட்டுக்கொண்டே குக்கரை வைப்பாள். தர்ஷினிக்குப் பதினாறாம் வாய்ப்பாடு வரை தண்ணீர் பட்ட பாடு என்பதை அவன் தன் முறையின் வெற்றி என்று நம்பினான். காலையில் தலை பின்னும்போது மைதிலி சொல்லிக் கொடுத்தது அது. தலை பின்னுகிற நேரத்தில் அவன் தூங்கிக்கொண்டிருப்பான்.

இப்படி வீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டவர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். பெயர் ‘வேர்கள்’. அதை நடத்தியவள் பிரபா. கற்றாழையிலிருந்து கருப்பட்டி வரை எதைப் பற்றியும் குரல் பதிவு போடக்கூடியவள். கல்வியில் தொடங்கிய குழு மெல்ல மெல்ல ஆரோக்கியத்துக்கு நகர்ந்திருந்தது. காய்ச்சல் என்பது உடம்பு தன்னைக் கழுவிக்கொள்வது, மாத்திரை என்பது அவசரக்காரர்களுக்கு, தடுப்பூசி என்பது கும்பலுக்கு என்று அங்கே ஒருமித்த கருத்து இருந்தது. இந்தத் துறையில் ஹரிஷ்குமார் வல்லுநனாகிவிட்டான். அதற்கு அவனிடமிருந்த தகுதி, நாலு வருடமாகத் தனக்கு ஜலதோஷம்கூட வரவில்லை என்பது. நாலு வருடமாக அவன் அதிகமாக வெளியே போகவும் இல்லை.

குழுவில் பேசாதவள் ஒருத்தி உண்டு. கேரல். ஆஸ்டின் டவுனில் வீட்டிலேயே கேக் செய்து விற்பவள். அவள் மகள் ஸ்னேஹாவுக்குப் பேச்சு திக்கும். வகுப்பில் பிள்ளைகள் அதைப் பேசிக் காட்டினார்கள், ஒருநாள் டீச்சரும் கூடச் சிரித்தார். அன்றைக்கு நிறுத்தியவள்தான். பாடப்புத்தகம் வாங்கி, காலையில் மணி பதினொன்று வரை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்துவிட்டு, பிறகு தன் வேலையைப் பார்ப்பாள். பள்ளிக்கூடத்தை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டாளே, பாவம் என்று ஹரிஷ்குமாருக்கு அவள்மேல் இரக்கம் இருந்தது.

பிப்ரவரி கடைசியில் ஸ்னேஹாவுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. சிறு வயதில் குடும்பம் தங்கவயலுக்கும் பெங்களூருக்கும் அலைந்துகொண்டிருந்ததில் அவளுக்கு ஒரு தடுப்பூசி விட்டுப் போயிருந்தது. கேரல் குழுவில் நேராகவே போட்டாள்: பெண்ணுக்கு இப்படி இருக்கிறது, கொஞ்ச நாள் யாரும் வர வேண்டாம்.

ஹரிஷ்குமார் இதை வேறு மாதிரி படித்தான். சின்ன வயதில் இயற்கையாக வந்துபோனால் ஆயுசுக்கும் கவலை இல்லை, இது பிள்ளைகளுக்கு உடம்பு நடத்தும் பாடம், எல்லோரும் போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று நீளமாக எழுதினான். நாற்பது பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். போகலாம் என்று நாள் குறித்தபோது, பிரபாவின் பையனுக்கு நீச்சல் இருந்தது. இன்னொருத்தர் ஊருக்குப் போவதாகச் சொன்னார். இன்னொருத்தர் போனையே எடுக்கவில்லை.

கடைசியில் அவன் மட்டும் தர்ஷினியைக் கூட்டிக்கொண்டு, பழம் கொடுக்கிற சாக்கில் ஆஸ்டின் டவுன் போய் நின்றான். கேரல் வாசலிலேயே, "வேணாம் ப்ரதர், வெளியவே குடுத்துட்டுப் போங்க" என்றாள். அவன் சிரித்துக்கொண்டே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டான். அடுப்பில் கேக் இருந்ததால் அவள் சமையலறைக்கு ஓட வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில், ஸ்னேஹா குடித்து வைத்திருந்த டம்ளரை எடுத்துத் தர்ஷினியிடம் நீட்டினான். குழந்தை தயங்கியது. முன்மாதிரியாக இருப்பதுதான் நல்ல பெற்றோருக்கு அழகு என்று பலமுறை பேசியவன் அல்லவா? தானே முதலில் ஒரு மடக்குக் குடித்துக் காட்டினான். பிறகு அவளும் குடித்தாள்.

அடுத்த இரண்டு மூன்று வாரம் காலையில் எழுந்ததும் மகளின் கன்னத்தைத் தடவிப் பார்ப்பது அவனுக்கு வழக்கமாயிற்று. கன்னம் கன்னமாகவே இருந்தது.

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ‘வேர்கள்’ கூட்டம். அல்சூரில் ஒரு கடைக்கு மேலே வாடகைக்கு எடுத்த ஹாலில் நடந்தது. பேச்சாளர் ஹரிஷ்குமார், தலைப்பு ‘மருந்தில்லாப் பிள்ளை வளர்ப்பு’. முந்தின நாளிலிருந்தே அவனுக்கு இடது காதுக்குக் கீழே வலி. காலையில் கண்ணாடியில் பார்த்தால் ஒரு பக்கக் கன்னம் எலுமிச்சம்பழம் அடக்கினதுபோல் இருந்தது. கடைவாய்ப் பல் என்று முடிவு செய்து, கிராம்பை அடக்கிக்கொண்டு, கழுத்தைச் சுற்றி மஃப்ளரைக் கட்டிக்கொண்டு கிளம்பினான். பெங்களூரில் மஃப்ளர் கட்டிய ஆளை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்றாலும், அது நல்ல வெயில் காலம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் மைதிலியும் உடன் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தாள்.

பேச்சு நன்றாகத்தான் ஆரம்பித்தது. நோயை எதிரியாகப் பார்க்காதீர்கள், விருந்தாளியாகப் பாருங்கள் என்றபோது கைதட்டல்கூட வந்தது. ஆனால் வாயைத் திறக்கத் திறக்க வலி காதுக்குள் ஏறியது. சொற்கள் குழறின. புழுக்கம் தாங்காமல் மஃப்ளரை அவிழ்த்தான்.

மூன்றாவது வரிசையிலிருந்து கேரல் எழுந்தாள். அந்தக் குழுவின் கூட்டத்தில் அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"ப்ரதர், அது பல்லு இல்ல. நான் வீட்டுல ரெண்டு வாரம் பாத்துட்டு இருந்தேன். அது பொன்னுக்கு வீங்கி."

ஹாலில் நாற்காலிகள் இழுபட்டன. விருந்தாளியை வரவேற்க முன்வரிசையில் ஒருவரும் மிச்சமில்லை. பிரபா துப்பட்டாவால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு கதவருகே போய் நின்று, தன் பையனை இழுத்து அணைத்தாள். "ரெண்டு டோஸும் போட்டாச்சு, ஒண்ணும் ஆகாது" என்று அவனுக்குச் சொல்வதுபோல் தனக்கே சொல்லிக்கொண்டாள். அது பக்கத்திலிருந்தவர்களுக்குக் கேட்டது. உங்களுக்கும் போட்டாச்சா, எங்களுக்கும் போட்டாச்சு என்று ஆளாளுக்கு மெதுவாகச் சொல்லிக்கொண்டார்கள். எந்தக் குழந்தை டாக்டர் வலிக்காமல் போடுகிறார் என்பது வரைக்கும் தகவல் பரிமாறப்பட்டது. கும்பலில் சேராதவர்கள் எல்லோரும் கும்பலாகப் போய்ப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். போட்டுக்கொள்ளாத அப்பாக்கள் இரண்டு பேர் மட்டும், பெரியவர்களுக்கு வந்தால் என்ன ஆகும் என்று போனில் தேடி, முகம் வெளுத்துப் படி இறங்கினார்கள்.

ஹரிஷ்குமார் மேடையில் தனியாக நின்றான். எங்கிருந்து தொற்றியிருக்கும் என்று யாரோ தூரத்திலிருந்து கேட்டார்கள். தர்ஷினிக்குக் கேள்வி கேட்டால் பதில் சொல்லித்தான் பழக்கம்.

"அப்பா ஸ்னேஹா டம்ளர்ல தண்ணி குடிச்சாரு. எனக்கும் குடுத்தாரு. எனக்கு வரணும்னு" என்றாள்.

கேரல் அவனைப் பார்த்தாள். ஸ்னேஹாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். மைதிலி மகளோடு முன்னே நடந்தாள். வீட்டுக்கு வந்து, மகளைப் பக்கத்து வீட்டுக்கு விளையாட அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"அவளுக்கு வராது. நீங்க மைக் முன்னாடி பேசிட்டு இருந்த ஒரு ஞாயித்துக்கெழமை, நான் கூட்டிட்டுப் போய் ஊசி போட்டுட்டு வந்தேன். எல்லாமே போட்டாச்சு."

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்க அவன் வாயெடுத்தான். வீக்கத்தில் வாய் திறக்க வரவில்லை.

"நான் போடாம இருந்திருந்தா?" என்றாள் மைதிலி.

வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

சாயங்காலம் டாக்டரம்மாவிடம் போனார்கள். ஓய்வெடுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், வீக்கம் வடிகிற வரைக்கும் தனி அறையில் இருங்கள் என்றார். கிளம்பும்போது, பெரிய ஆண்களுக்குச் சில சமயம் இது கீழேயும் இறங்கும், அங்கே வலி தெரிந்தால் உடனே வர வேண்டும் என்று சேர்த்தார். வரும்போது சாதாரணமாக நடந்து வந்தவன், போகும்போது கண்ணாடிப் பாத்திரத்தைச் சுமப்பவன்போல் நடந்தான். வீட்டுக்கு வந்ததும் வலி மாத்திரையைத் தானே கேட்டு வாங்கி விழுங்கினான். அடுத்த வேளைக்கு நேரம் ஆவதற்கு முன்பே கதவைத் தட்டி மறுபடி கேட்டான்.

மறுநாள் வலது பக்கமும் வீங்கிற்று. கண்ணாடியில் யாரோ ஒரு பண்ணையார் தெரிந்தார். மதியம் மைதிலியின் போனுக்கு, உன் தங்கச் செயினைக் கொஞ்சம் கொடேன், கழுத்தில் போட்டால் இது வடியும் என்று முன்னோர் காரணமில்லாமல் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று செய்தி வந்தது. அவள் செயினைக் கழற்றிக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டுப் போனாள்.

தாலிக்கொடியில்லை என்பதை உறுதி செய்துகொண்டு, அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு படுத்தான். கல்யாணமாகிப் பத்து வருடத்தில் முதல் தடவையாக அவனுக்குச் சொல்ல ஒன்றுமில்லை, சொன்னால் கேட்கவும் ஆளில்லை. தன் குரல் இல்லாமல் வீடு தடுமாறும் என்று எதிர்பார்த்தான். இரண்டு நாள் லீவு போட்ட மைதிலிக்கு மூன்றாவது நாள் ஆபீஸ் போயாக வேண்டும். மாற்று ஏற்பாடு செய்ய முடியாமல் தன்னைத்தான் கேட்பார்கள் என்று நினைத்தான். காலையில், மைதிலி போன் செய்து கேட்டிருப்பாள் போல, வாசலில் கேரலின் குரல் கேட்டது. பிள்ளைக்காகத்தான் வந்தேன், உங்க வீட்டுக்காரர் பேச்சை எங்கிட்ட எடுக்காதீங்க என்று அவள் மைதிலியிடம் சொன்னதும் தெளிவாகக் கேட்டது. மகள் குதித்துக்கொண்டு படியிறங்கினாள்.

சாயங்காலம் தர்ஷினி திரும்பி வந்து அம்மாவிடம் பேசுவதைக் கதவுக்கு உள்ளிருந்து கேட்டான். பதினொரு மணி வரைக்கும் வகுத்தல் கணக்குப் போட்டார்களாம். அப்புறம் என்ன செய்தீர்கள் என்று மைதிலி கேட்டாள்.

"அப்புறம் சும்மா இருந்தோம்மா. ஒண்ணுமே பண்ணல."

சர்க்கஸ் பார்த்துவிட்டு வந்த குரலில் அதைச் சொன்னாள். மறுநாளும் அதையே சொன்னாள். ஹரிஷ்குமாருக்குக் கன்னத்தைவிட அது அதிகமாக வலித்தது.

வீக்கம் வடிந்து அவன் வெளியே வந்த அன்று, பால்கனியில் மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். கீழே மரத்தில் ஒரு அணில் ஓடியது. அணிலின் வாலைப் பற்றி வாய் வரைக்கும் வந்த விஷயத்தை விழுங்கினான். அது அவனுக்குப் பெரிய காரியம். தர்ஷினியே பேச்சை ஆரம்பித்தாள்.

"அப்பா, ஸ்கூல்ல பெல் அடிச்சா பாடம் முடிஞ்சிடுமாமே?"

"ஆமா."

"அப்ப நான் ஸ்கூலுக்குப் போறேன். இங்க முடியவே மாட்டேங்குது."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவனுக்குப் பதில் பேச வந்திருக்கும். உள்ளே மைதிலி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி மடித்தாள்.

ஜூனில் தர்ஷினி மர்பி டவுன் பக்கம் ஒரு சாதாரணப் பள்ளியில் சேர்ந்தாள். கன்னடத்தில் கொஞ்சம் திணறினாலும், பக்கத்தில் உட்காரும் பெண்ணோடு சண்டை போடும் அளவுக்கு ஒரு மாதத்தில் தேறிவிட்டாள். சனிக்கிழமைகளில் ஸ்னேஹாவைப் பார்க்கப் போகிறாள். கேரல் தன் மகளுக்கு வீட்டிலேயேதான் சொல்லிக் கொடுக்கிறாள், அந்தப் பெண் நன்றாகத்தான் படிக்கிறது. ஹரிஷ்குமார் ஒருநாள் படியேறிப் போய் அவளிடம் மன்னிப்புக் கேட்டான். ஆரம்பித்த இரண்டாவது வாக்கியத்திலேயே, "போதும் ப்ரதர், புரிஞ்சுது" என்று நிறுத்திவிட்டாள். ‘வேர்கள்’ கூட்டம் வழக்கம்போல் நடக்கிறது. அடுத்த மாதம் அதே தலைப்பில் பிரபா பேசினாள், கூட்டம் அதிகம் என்று கேள்வி.

ஹரிஷ்குமார் இப்போது பள்ளிப் பெற்றோர் கூட்டங்களுக்குத் தவறாமல் போகிறான். முதல் கூட்டத்தில் கேள்விகள் உண்டா என்று தலைமை ஆசிரியர் கேட்டதும், பாடத்திட்டம் பற்றி ஒரு சின்ன விஷயம் என்று பாதி எழுந்தான். மைதிலி சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.