வாப்பாவோடு அடக்கப்பட்ட பலகை

எங்கள் வாப்பாவின் நாற்பதாம் நாள் கத்தத்துக்கு வந்திருக்கிறீர்கள். சாப்பாட்டுக்கு உட்காரும் முன் இதை வாசியுங்கள். வாசித்துவிட்டு என்மேல் கோபம் வந்தால் வரட்டும்.

வாப்பா மருதமுனையில் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனை இழந்து கரைவலை இழுத்தார். பிறகு ஆட்டோ ஓட்டினார். சுனாமியில் எங்கள் உம்மாவைப் பறிகொடுத்தார். ஊராரோடு சேர்ந்து கரையெல்லாம் ஜனாஸாக்களைத் தேடியெடுத்து, ஒரே குழியில் பலரை அடக்கினார். அதன்பின் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்ததும், "அணுகுண்டு எவனுக்கும் வேண்டாம்" என்று எழுதிய பலகையோடு கல்முனை பஸ் நிலையத்தில் போய் நின்றார். படுக்கையில் விழும்வரை எல்லா வெள்ளியும் நின்றார். ஏன் என்று கேட்டேன்.

"கடல் வந்தத ஒருத்தராலயும் தடுக்க ஏலாது, மகள். இத மனிசன்தானே செஞ்சு அடுக்கி வெச்சிருக்கான். வேணாமெண்டு சொல்லவாவது ஏலும்."

பொலிஸ் கூட்டிப்போய் விசாரித்தது. அடுத்த வெள்ளியும் நின்றார். அவரை நோகடித்தது பொலிஸ் இல்லை, நாம்தான். அவருடைய தம்பி, என் சாச்சா, எங்கள் வாசலில் வந்து தன் காக்காவைப் பார்த்துக் கத்தினார்.

"காக்கா, பாகிஸ்தான்ட குண்டுமா உங்களுக்கு வேணாம்? நம்மட ஆக்கள்ட அது."

"அதுவும் வேணாம். விழக்குள்ள ஆருக்குக் கலிமா தெரியுமெண்டு கேட்டுட்டா விழும்?"

"உங்களால ஊருக்குள்ள தலை காட்ட ஏலாமக் கிடக்கு."

"அப்ப தொப்பிய நல்லா இறக்கிப் போடு."

சிறுநீரகம் பழுதாகி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், "இனி வெள்ளிக்கு ஆர் நிக்கிற?" என்றுதான் கேட்டார். சாச்சா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நான் நிக்கிறன்" என்றேன்.

"பொம்புளப் புள்ளய நிக்க விடமாட்டாங்க மகள்."

"பாப்பம் வாப்பா."

நம்மூர் மணலில் கபுறுக் குழி சரியும். ஜனாஸாவின் மேல் பலகை அடுக்கித்தான் மண் போடுவோம். வாப்பாவை அடக்கிய அன்று பலகை ஒன்று குறைந்ததாம். பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. அடக்கிவிட்டு வந்த என் கணவர்தான் சொன்னார், சாச்சா சொல்லி, வாப்பா வெள்ளிதோறும் பிடித்து நின்ற பலகையையும் உள்ளே வைத்து மூடிவிட்டார்கள் என்று. சாச்சாவிடம் போனேன்.

"அவசரத்துக்கு வேற பலகை கிடைக்கல்ல."

"மர ஆலை மையவாடிக்கு எதிரிலதானே இருக்கு, சாச்சா?"

"அந்தக் கதை அதோட முடியட்டும்" என்றார்.

வாப்பாவைக் குளிப்பாட்டியவர்கள், தொழுவித்தவர், சந்தூக்குச் சுமந்தவர்கள், ஆஸ்பத்திரித் தாதிமார் எல்லோருக்கும் நன்றி. கால் நோகும் நேரமெல்லாம் தன் முக்காலியைக் கொடுத்த பஸ் நிலையக் கச்சான்கடலைக்காரருக்குத் தனியாக நன்றி. சாச்சாவுக்கும் நன்றி. கபுறில் வானவர்கள் வந்து கேள்வி கேட்கும்போது அந்தப் பலகை வாப்பாவின் பக்கத்தில் இருக்கும். வாப்பாவுக்காக துஆச் செய்யுங்கள்.

புதுப் பலகை வாங்கி எழுதிவிட்டேன். அதே வாசகம்தான். வரும் வெள்ளி ஜும்ஆ முடிந்து நீங்கள் வெளியே வரும்போது நான் பஸ் நிலையத்தில் நிற்பேன். தடுக்க நினைப்பவர்கள் அங்கேயே வாருங்கள். இனி வீட்டு வாசலில் நின்று கத்த வேண்டாம்.