கோடரியோடு பூசைக்கு வந்தவர்கள்

தம்பி வசிக்கும் நோர்வே ஊரின் கிறிஸ்தவப் பங்குக் கோயில் மத்திய காலத்தில் மரத்தால் கட்டப்பட்டது. அதன் வரலாற்றை என் மகள் வகுப்பில் பேசப் போகிறாள் என்றதும் தொலைபேசியில் சிரித்தான்.

“அக்கா, உங்கட பெட்டைக்கு ஜெர்மனியில ஒரு கோயிலும் கிடைக்கேல்லையோ?”

ஆனாலும் பங்குப் புத்தகத்தை வாசித்துத் தமிழில் சொன்னான். அவள் ஜெர்மனில் எழுதிக்கொண்டாள்.

அது இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, டோர்ட்மண்ட். அவளுக்குப் பதினான்கு வயது. எழுத்தில் கெட்டிக்காரி, வகுப்பில் வாய் திறக்கமாட்டாள். இந்தப் பேச்சில் நல்ல புள்ளி எடுக்காவிட்டால் அந்தப் பள்ளியில் தொடர்வது கடினம் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். பெற்றோரும் வரலாம் என்றதால் லீவு போட்டுவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

மகள் பேசத் தொடங்கினாள். அந்தக் காலத்தில் பூசைக்கு வரும் ஆண்கள் கோடரியையும் ஈட்டியையும் கோயில் முகப்பில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டுமாம். ஒருவன் மட்டும் மேலங்கிக்குள் கத்தியை ஒளித்துப் போனான். காணி எல்லைத் தகராறு. முழங்காலில் நின்று செபித்த அயலவனின் கழுத்தை அறுத்தான். ஆயர் கோயிலைப் பூட்டினார். இரத்தம் ஊறிய தரைப்பலகைகளை—

அந்த நேரம் பின்வரிசைப் பையன் ஒருவன் வெறும் ஜூஸ் பெட்டியை ஊதி, தரையில் வைத்து மிதித்தான். படாரென்று வெடித்தது.

ஊரில், போர்க்காலத்தில் எங்கள் கோயிலில் ஷெல் விழுந்தபோதும் பூசை நடந்துகொண்டிருந்தது. அங்கே அடிக்கமாட்டார்கள் என்று நம்பித்தான் ஓடியிருந்தோம். பக்கத்தில் முழங்காலில் நின்றவளுக்குப் பிறகு முகம் இருக்கவில்லை.

எப்போது எழுந்தேனென்று தெரியாது. மகளை இழுத்து விழுத்தி, மேலே படுத்து, தலையைத் தரையோடு அமுக்கிக்கொண்டிருந்தேன்.

“குனி பிள்ளை! தலையைத் தூக்காதை!”

“விடுங்கோ அம்மா! ஜூஸ் பெட்டி அம்மா, ஜூஸ் பெட்டி!”

மேசை விளிம்பில் அடிபட்டு அவளுடைய முன்பல் பாதி உடைந்திருந்தது. எழுதிய தாள்களெல்லாம் இரத்தம்.

ஆசிரியை அவளை நடைகூடத்துக்குக் கூட்டிப்போய், என் முன்னாலேயே கேட்டார்: “வீட்டிலும் அம்மா அடிப்பாரா?”

மகள் இல்லையென்று தலையசைத்தாள். அடுத்த கிழமை பேசலாம் என்றார் ஆசிரியை. இப்போதே பேசுகிறேன் என்றாள் மகள். பிறகு என் பக்கம் திரும்பி, “நீங்கள் உள்ளுக்கு வராதேங்கோ” என்றாள்.

கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். கொலையிலிருந்து மறுபடி தொடங்கினாள். உடைந்த பல்லுக்குள்ளால் காற்றுச் சீறியது. ஒருவரும் சிரிக்கவில்லை.

வாயில் கடதாசியை அமுக்கியபடி வெளியே வந்தாள்.

“ரெண்டு.”

இங்கே ஒன்றுதான் மிக உயர்ந்த புள்ளி.

“நல்லதுதானே, பிள்ளை?”

“என்னை விழுத்தாம விட்டிருந்தால் ஒண்டு.”

பல்வைத்தியரிடம் போகும் வழியெல்லாம் எனக்கு நாலு அடி முன்னாலேயே நடந்தாள்.