சிங்கப்பூர் வழியாக வந்த மழை

உம்மாவுக்குக் காது மந்தம். அதை எங்கள் வீட்டில் யாரும் அவரிடம் சொல்வதில்லை. மெதுவாகச் சொன்னால் கேட்காது, சத்தமாகச் சொன்னால் கோபம் வரும். வாப்பா மௌத்தான பிறகும் யட்டவத்த கிராமத்து வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். மிளகுக் காலத்தில் முற்றம் முழுக்கப் படங்குத் துணி விரித்துக் காயப்போடுவார்.

மிளகுக் காலத்துப் பிற்பகல் மழை பெரும்பாலும் பலாபத்வலயில் தொடங்கித்தான் யட்டவத்த பக்கம் வரும். அங்கே வாழ்க்கைப்பட்ட என் அக்கா, எங்கள் பேச்சில் ராத்தா, துளி விழுந்ததும் போன் எடுத்து, "உம்மா, மழை வருது, மிளக அள்ளுங்க!" என்பாள். பிறகு உம்மாவுக்குப் போன் மணி கேட்காமல் போனது. ஒருநாள் நனைகிற மிளகை அள்ள ஓடி, வழுக்கி விழுந்தார். எலும்பு தப்பியது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நானா, எங்கள் அண்ணன், பயந்துவிட்டார். "இன்னொருக்கா மிளகு நனைஞ்சா உம்மா மாத்தளைக்கு, என் வீட்டுக்கு வந்திரணும்." உம்மா அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

நான் மாத்தளை டவுனில் கணக்கு வேலை பார்ப்பவள். ஓய்வு நேரத்தில் சின்னச் சின்ன இணையதளங்கள் செய்வது என் கிறுக்கு. வட்டிலப்ப இனிப்புக்கு ஒரு தளம் வைத்திருக்கிறேன், அதை ராத்தாவும் நானும் மட்டும் வாசிக்கிறோம். இந்தக் கிறுக்காவது உம்மாவுக்கு உதவட்டுமே என்று ஒரு பக்கம் செய்தேன். ராத்தா தன் போனில் பொத்தானை அமுக்கினால், உம்மாவின் குசினி ஜன்னலில் சிம் போட்டுக் கட்டிவைத்த பழைய போனின் திரை முழுக்கச் சிவப்பாகிவிடும். அடுப்படியில் நிற்கிறவர் கண்ணில் படாமல் போகாது. மாத்தளையில் எங்கள் ஹாலில் கிடந்த, பெட்டரி போன பழைய லெப்டொப்பையே அந்தப் பக்கத்தை ஓட்டும் சேர்வராக்கினேன். வெயிலில் பரீட்சித்துப் பார்த்தபோது ஜோராக வேலை செய்தது.

முதல் மழைக்கே மிளகு நனைந்தது. ராத்தா பொத்தானை அமுக்கு அமுக்கென்று அமுக்கியிருக்கிறாள், ஒன்றும் நடக்கவில்லை. நான் வேலை விட்டு வந்து பார்த்தால் லெப்டொப் செத்துக் கிடக்கிறது, பக்கத்தில் பிளக்.

"யார் இதக் கழட்டினது?"

"நான்தான்," என்றார் என் கணவர். "இடி இடிச்சா பிளக்க கழட்டணும்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். எங்கள் ஊரில் இடி முழங்கினால் டிவி, பிரிட்ஜ், ரவுட்டர் என்று எல்லாப் பிளக்கையும் உருவிவிட்டுத்தான் மறுவேலை. சின்ன வயதிலிருந்து நானும் அதைத்தான் செய்கிறேன். மழை வரும் நேரத்தில் மட்டும் வேலை செய்யாத மழை மணியைச் செய்து வைத்திருக்கிறேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன். நானா ஒரே பேச்சுத்தான் பேசினார். "வாற வெள்ளிக்கிழம ஜும்மா முடிஞ்சதும் வேனோட போறேன். நீயும் வா, உம்மாட உடுப்ப அடுக்கணும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கிளவுட் ஹோஸ்டிங் கம்பனி ஒன்றில் மாத வாடகைக்கு ஒரு சேர்வர் பிடித்தேன். எந்த நாட்டில் வேண்டும் என்று கேட்டது. சிங்கப்பூர் என்றேன், அங்கே பிளக் கழற்ற என் கணவர் இல்லை. பாதுகாப்பு என்று எல்லா வாசலையும் அடைத்ததில் எனக்கே உள்ளே போக வழியில்லாமல் போய்விட்டது. பரவாயில்லை, அதை அழித்துவிட்டு இன்னொன்றை எடுத்தேன். தேத்தண்ணி ஆறுவதற்குள் புதுச் சேர்வர் தயார். இந்தச் சுகத்துக்காகவே வாடகை கொடுக்கலாம்.

உம்மாவிடம் விளக்கினால் சிரிக்கிறார். "பலாபத்வலயில பெய்யிற மழ சிங்கப்பூருக்குப் போய் என்கிட்ட வருமா? அதுக்குள்ள என் மிளகு முளைச்சிரும்!"

வெள்ளிக்கிழமை நானா என்னையும் ஏற்றிக்கொண்டு பெரிய சூட்கேஸோடு வந்தார். உம்மா அதை ஏறிட்டும் பார்க்காமல் குசினிக்குள் போய்விட்டார். முற்றத்தில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது, வெயிலும் சுள்ளென்று இருந்தது. நானாவும் நானும் அறைக்குள் அலுமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு, கூட்டிப் போவதா விடுவதா என்று சண்டை பிடித்தோம். தொண்டை கிழியக் கத்தினேன். அழுகையும் வந்தது. நடுவில் எங்கேயோ இடி உறுமியிருக்கிறது, அதை நாங்கள் கவனிக்கவில்லை.

உம்மா கரண்டியோடு வாசலில் வந்து நின்றார். "சிவப்பு! சிவப்பு வந்திருச்சு! மரம் மாதிரி நிக்கிறீங்களே, படங்கப் பிடிங்க!"

ஓடினோம். நானா வெள்ளை ஜும்மாச் சட்டையோடு படங்கின் ஒரு முனையைப் பிடித்தார், நான் மறுமுனை. உம்மா தாழ்வாரத்திலேயே நின்று எங்களை விரட்டினார், ஒரு அடி இறங்கவில்லை. கடைசிப் படங்கை உள்ளே இழுத்ததும் மழை கொட்டியது. நான் ஆனந்தத்தில் கத்தியே விட்டேன்.

உம்மா துவாலையை நானாவின் தலையில் போட்டார்.

"மகன், இடி இடிச்சது உனக்குக் கேட்டதா?"

"இல்ல உம்மா."

"உனக்கு?" என்று என்னைப் பார்த்தார். நானும் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"அப்ப காது கேக்காத ரெண்டு பேரையும் நான்தான் இங்க வச்சுப் பார்க்கணும் போல."

நானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மழை விட்டதும் வெறும் சூட்கேஸைத் திருப்பிக் கொண்டுபோகத் தூக்கினார். தூக்க முடியவில்லை. உம்மா அதற்குள் காய்ந்த மிளகை நிரப்பி வைத்திருந்தார்.