ஃபெயில் போடச் சொன்ன அம்மா

கல்வி அதிகாரி அவர்களே, என் அம்மாவை இன்றுவரை தற்குறியாக வைத்தது நீங்கள்தான். எழுத்துச் சொல்லிக்கொடுக்க அரசாங்கம் சம்பளமும் வண்டியும் கொடுத்து அனுப்பிய ஆளும் நீங்கள், அந்த வேலையைக் கெடுத்த ஆளும் நீங்கள்.

அந்தக் கோடை முழுக்க எங்கள் வீட்டில் மெழுகுவத்திப் புகையும் புதுத்துணியின் கஞ்சி வாசனையும் கலந்து கிடந்தன. தொண்ணூறுகளின் யாங்கோனில், அதாவது ரங்கூனில், கரண்டு எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாது. அம்மா ஊரோரத்து ஷ்வேப்யிதாவில் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் நாளெல்லாம் நின்றுகொண்டே நூல் பிசிறு வெட்டுகிறவள். உட்கார்ந்து சட்டையில் குறை பார்க்கிற "செக்கர்" வேலை கிடைத்தால் முழங்கால் பிழைக்கும். தையல் விட்ட இடம் எட்ட நின்றாலும் அவள் கண்ணுக்குத் தெரியும். ஆனால் கண்ட குறையைப் பர்மிய மொழியில் சீட்டில் எழுதி ஒட்ட வேண்டுமே. அவளுக்குத் தமிழும் எழுத வராது, பர்மாவும் எழுத வராது. எழுதக் கற்றுக்கொண்டு வா, வேலை தருகிறேன் என்றார் மேனேஜர்.

அந்த வருஷம்தான் எங்கள் வார்டுப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கான அரசாங்க எழுத்தறிவு வகுப்பு வந்தது. தெருவில் அதை "அதோங்லோங்" என்பார்கள். கல்லூரி விடுமுறையில் வந்த ஒரு பர்மியப் பெண் பாடம் நடத்தினாள். தன் வயதில் பாதிகூட இல்லாத அவளை அம்மா "சயாமா" என்று, அதாவது டீச்சர் என்று, எழுந்து நின்றுதான் கூப்பிடுவாள். பக்கத்து வீட்டு மைமூன் அக்காவும் சேர்ந்தாள்.

"பாஸாயிட்டா நம்மள மந்திரி ஆக்கிடுவாங்கடி செல்லம்மா, கார்ல எனக்கும் ஒரு எடம் வை."

அம்மா சிரிக்க மாட்டாள். வெட்டிப்போட்ட நூலை மடியில் முடிந்துகொண்டு வந்து, பர்மிய எழுத்தெல்லாம் வட்டம் வட்டமாகத்தானே இருக்கிறது என்று, சிமென்டுத் தரையில் நூலை வளைத்து எழுத்தாக்குவாள். "காஜீ, காகுவே" என்று பர்மிய அரிச்சுவடி வாயில் ஓடும். ஆறு வாரத்தில் தனி எழுத்து முப்பத்து மூன்றும் வந்துவிட்டன. கூட்டிச் சொல்லாக்கத்தான் வரவில்லை.

அப்போது நீங்கள் வந்தீர்கள். நாளைக்குப் பரீட்சை, அதோடு வகுப்பு முடிந்தது, இந்த வார்டில் எழுதப் படிக்கத் தெரியாதவர் எவருமில்லை என்று பலகை வைக்கப் போகிறோம் என்றீர்கள். அம்மா எழுந்தாள். தன் அரைகுறைப் பர்மாவில், உங்களைப் பெரிய வாத்தியார் என்று கூப்பிட்டுக் கேட்டாள்:

"சயாஜீ, எனக்கு இன்னும் வரல. என்னய ஃபெயில் போட்டுடுங்க. அடுத்த வருஷமும் வந்து படிச்சிக்கிறேன்."

"ஃபெயிலுக்கு எங்க பட்டியல்ல கட்டமே இல்லம்மா" என்றீர்கள்.

"அடியே, ஃபெயிலாகக்கூட விட மாட்டேங்கறாங்களே!" என்று மைமூன் அக்கா தமிழில் சொல்ல, எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். அம்மா வீட்டுக்கு வந்ததும் என் கையைப் பிடித்தாள். "ஃபெயிலே இல்லேன்னா பிள்ளைங்கள விட்டு எழுத வப்பாங்க. நாளைக்கு யாரு சொன்னாலும் என் தாளத் தொடாதடி."

மறுநாள் அவள் பேரை மட்டும் எழுதிப் பென்சிலைக் கீழே வைத்தாள். பெரியவர்களைப் படம் எடுக்க வெளியே வரிசையில் நிறுத்திவிட்டு, நீங்கள் சயாமாவிடம் ஏதோ சொன்னீர்கள். அவள் முகம் வெளுத்து, ஜன்னலில் தொங்கிய பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டு, அவரவர் அம்மா தாளை நிரப்பச் சொன்னாள். நான் ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் என் கையெழுத்துக்குப் பேர் உண்டு. அந்தத் திமிரில் ஒரு பிழையில்லாமல் எழுதினேன். நிமிர்ந்தால், வரிசையில் நின்ற அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வரவில்லை.

சர்டிபிகேட்டைப் பார்த்த மேனேஜர் ஒரு சட்டையையும் சீட்டையும் நீட்டி, "குறையை எழுது" என்றார். அவளால் முடியவில்லை. "பொய் சர்டிபிகேட்டா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுக் கத்தரிக்கோலுக்கே திருப்பி அனுப்பினார். அடுத்த வருஷம் வகுப்பு கேட்டுப் போனவளிடம் வார்டு அலுவலகம் பட்டியலைக் காட்டியது: நீதான் பாஸாயிற்றே. நான் சொல்லித்தருகிறேன் என்று பென்சிலை எடுத்தேன்.

"நீ நல்லா எழுதுற. நீயே எழுதிக்கோ" என்றாள். அதற்குப் பிறகு அவள் பென்சிலைத் தொடவேயில்லை.

இன்று அந்தப் பள்ளிக்கூடக் கொட்டகை இல்லை, பலகையும் இல்லை. பிசிறு பார்த்துப் பார்த்தே அம்மாவின் கண் அவிந்துவிட்டது. இனி எந்த அரசாங்கம் வகுப்பு வைத்தாலும் அவளுக்கு ஆவது ஒன்றுமில்லை.

நான் செய்ததை ஊரறிய எழுதிவிட்டேன். நீங்கள் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு இதே நகரத்தில் இருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். எங்கள் வார்டுக்கு வாருங்கள். என் காதில் வேண்டாம், தெருவில், எல்லோரும் கேட்கச் சொல்லுங்கள்: ஒரு பொம்பளை எழுந்து நின்று எனக்கு ஃபெயில் போடு என்று கேட்டாளே, ஏன் ஐயா போடவில்லை?